எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், எந்த வேரியன்ட் என்று கேளுங்கள்!

எங்கள் அலுவலகத்தில் மாலை நான்கு மணிக்கு டீ வரும். டீயோடு சேர்ந்து ஒரு சண்டையும் வரும். அரசியல் சண்டை இல்லை, கிரிக்கெட் சண்டையும் இல்லை. கார் சண்டை!

"மாருதி மாதிரி மைலேஜ் யார் தருகிறார்கள்?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "மைலேஜ் இருக்கட்டும், டாடா கதவைத் தட்டிப் பாருங்கள், இரும்பு!" என்று அடுத்தவர் எழுந்து நிற்பார். ஹூண்டாய்காரர் தன் காருக்குள் இருக்கும் வசதிகளைப் பட்டியல் போடுவார். ஜெர்மன் கார் வைத்திருப்பவர் ஒன்றும் பேசமாட்டார், லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பே மற்றவர்களுக்குக் கோபத்தை வரவழைத்துவிடும். டீ ஆறிப்போகும், சண்டை ஆறாது. வீட்டுக்குப் போன பிறகும் இரவு பதினொரு மணி வரை போனில் சாட் வழியாகத் தொடரும்.

நானும் இதில் சளைத்தவன் இல்லை. பள்ளியில் படிக்கும்போதே ரோட்டில் போகும் காரின் பின்பக்க விளக்கைப் பார்த்து மாடல் பெயரைச் சொல்லிவிடுவேன். கார் பைத்தியம் என்றுதான் வீட்டில் பெயர். அதனால் சண்டை போடாதீர்கள் என்று நான் உபதேசம் செய்யப்போவதில்லை. தாராளமாகப் போடுங்கள். ஆனால் நாம் தவறான கேள்விக்காகச் சண்டை போடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். அந்தத் தவறுக்கு என் குடும்பத்தில் ஒருவர் விலை கொடுத்திருக்கிறார்.

நான் ஜெயித்த வாதம்

2018-ஆம் ஆண்டு. நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். என் அக்காவின் கணவர் தன் முதல் காரை வாங்க முடிவு செய்தார். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தாலும், புது போன் வாங்குவதாக இருந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். கார் விஷயமும் என்னிடம் வந்தது. பெரியப்பா மகன் ஒரு கம்பெனியைச் சொன்னான், நான் இன்னொரு கம்பெனியைச் சொன்னேன். இரண்டு வாரம் வாதம் நடந்தது. கடைசியில் நான்தான் ஜெயித்தேன்.

ஷோரூமுக்குப் போனோம். பேஸ் மாடலுக்கு மேல் செலவு செய்ய மாமாவின் கையில் கொஞ்சம் பணம் இருந்தது. அதில் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். டிரைவர் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் உள்ள "ஆப்ஷனல்" வேரியன்ட்டை எடுக்கலாம். இல்லையென்றால் பேஸ் மாடலையே எடுத்து, வெளியே கடையில் டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, நல்ல ஸ்பீக்கர் எல்லாம் போட்டுக்கொள்ளலாம். மாமா என் பக்கம் திரும்பி, "என்ன மாப்ளே, எதை எடுக்கலாம்?" என்றார்.

"நீங்க எப்பவும் மெதுவாத்தானே ஓட்டுவீங்க மாமா, டச் ஸ்கிரீன் போட்டுக்கலாம்" என்றேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு இரவு, திண்டிவனம் தாண்டி வந்துகொண்டிருந்தார். ரோட்டோரத்தில் பின்விளக்கு இல்லாமல் ஒரு டிராக்டர் டிரெய்லர் நின்றிருக்கிறது. பிரேக்கை ஓங்கி மிதித்தார். சக்கரங்கள் லாக் ஆகி வண்டி வழுக்கிக்கொண்டே போய் மோதியது. சீட் பெல்ட் போட்டிருந்ததால் உயிர் தப்பியது. ஆனால் முகம் ஸ்டீயரிங்கில் இடித்து மூக்கு எலும்பு உடைந்துவிட்டது. இரண்டு பற்கள் போயின. மேல் உதட்டில் தையல் போட்டார்கள். அக்காவும் குழந்தையும் அன்று காரில் வராதது எங்கள் அதிர்ஷ்டம்.

மறுநாள் அந்தக் காரைப் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. டச் ஸ்கிரீனில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

அது எந்தக் கம்பெனி கார் என்பது இங்கே தேவையில்லை. ஏனென்றால் குற்றம் கம்பெனியுடையது அல்ல. ஏர்பேக் உள்ள வேரியன்ட் அதே ஷோரூமில், அதே மாடலில் இருந்தது. வேண்டாம் என்று சொன்னது நான்தான். இரண்டு வாரம் கம்பெனிப் பெயருக்காக வாதாடிய நான், வேரியன்ட்டைத் தேர்ந்தெடுக்க இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

பெயர்தான் வேறு, சரக்கு ஒன்று

கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? எந்த பிராஸசர், எவ்வளவு ராம், ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா என்று கான்பிகரேஷன் கேட்கிறோம். கேபினட்டின் மேல் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்பது அப்புறம்தான். கார் வாங்கும்போது மட்டும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

கார் உலகத்தில் கேபினட் வேறு, உள்ளே இருக்கும் போர்டு ஒன்று என்ற கதை நிறைய உண்டு. மிகப் பிரபலமானது பியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின். 1248 சி.சி. கொண்ட இந்த இன்ஜினைப் பியட் தன் கார்களில் மல்டிஜெட் என்ற பெயரில் விற்றது. மாருதி ஸ்விப்டில் அதற்கு டி.டி.ஐ.எஸ். என்று பெயர். டாடா இண்டிகா விஸ்டாவில் அதுவே குவாட்ராஜெட். இத்தனை கம்பெனிகளின் கார்களில் ஓடியதால், "இந்தியாவின் தேசிய இன்ஜின்" என்றே கார் பிரியர்கள் இதற்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதிகள் வந்தபோதுதான் இங்கே அதன் கதை முடிந்தது. "எங்கள் டீசல் இன்ஜின் மாதிரி வருமா?" என்று மாருதி ரசிகரும் டாடா ரசிகரும் சண்டை போட்ட நாட்களில், இருவர் காரின் பானட்டுக்குள்ளும் இருந்தது ஒரே குடும்பத்து இன்ஜின்தான். டர்போவும் டியூனிங்கும் மாறும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யு. என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் இருக்கும் செட்டிங்குகள் மாறும். அதனால் ஓட்டும்போது ஒன்றுக்கொன்று வேறு மாதிரி தெரியும்.

இன்னும் சில எடுத்துக்காட்டுகள் பாருங்கள். 2019-இல் வந்த டொயோட்டா கிளான்சா, மாருதி பலேனோவின் மறுபெயர். ரெனால்ட் டஸ்டரும் நிசான் டெரானோவும் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் தயாரான உடன்பிறப்புகள். போக்ஸ்வாகன் வென்டோவும் ஸ்கோடா ரேபிடும் அப்படித்தான். இந்தக் கார்களின் சொந்தக்காரர்களும் எதிரெதிர் அணியில் நின்று வாதாடியதை நான் பார்த்திருக்கிறேன்!

நட்சத்திரக் கணக்கு

பாதுகாப்பு விஷயத்திலாவது கம்பெனியைப் பார்த்து முடிவு செய்யலாமா? அதுவும் முடியாது என்பதற்கு மோதல் சோதனை முடிவுகளே சாட்சி.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, போர்டு பிகோ, ஹூண்டாய் ஐ10, போக்ஸ்வாகன் போலோ. ஐந்தும் ஏர்பேக் இல்லாத பேஸ் மாடல்கள். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்ததில், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்யம். இந்திய, ஜப்பானிய, கொரிய, அமெரிக்க, ஜெர்மன் பெயர்கள் எல்லாம் ஒரே வரிசையில் பூஜ்யம் வாங்கி நின்றன!

அந்தப் பூஜ்யத்திலும் ஒரு வித்தியாசம் இருந்தது. பிகோ, போலோ இரண்டின் உடற்கூடும் மோதலுக்குப் பிறகு நிலையாக நின்றது. மற்ற மூன்றின் கூடு தாங்கவில்லை. இரண்டு ஏர்பேக் உள்ள போலோவை மறுபடி சோதித்தபோது அதற்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அதே கார், அதே கம்பெனி, அதே இரும்பு. வேரியன்ட் மட்டும் மாறியது. பூஜ்யம் நான்கானது.

அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். நானோவில் பூஜ்யம் வாங்கிய டாடா, 2018 டிசம்பரில் நெக்ஸான் மூலம் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அப்போதும் ஐந்து நட்சத்திரம் பெரியவர்களுக்குத்தான். குழந்தைகள் பாதுகாப்புக்குக் கிடைத்தது மூன்று. மாருதியில் அதே 2018-இல் விட்டாரா பிரெஸ்ஸாவுக்கு நான்கு. 2022 டிசம்பரில் ஸ்விப்ட், இக்னிஸ், எஸ்-பிரெஸ்ஸோ மூன்றுக்கும் ஒவ்வொரு நட்சத்திரம். 2024 நவம்பரில் புதிய டிசையருக்கு ஐந்து! "மாருதி என்றாலே ஆபத்து" என்பவருக்கும் தோல்வி, "மாருதி எல்லாமே நல்ல கார்" என்பவருக்கும் தோல்வி.

இன்னொரு விஷயம். 2022 ஜூலையில் குளோபல் என்கேப் தன் விதிகளைக் கடுமையாக்கியது. பக்கவாட்டு மோதல், வண்டி நிலை தடுமாறாமல் காக்கும் இ.எஸ்.சி. வசதி எல்லாம் கணக்கில் வந்தன. எனவே 2018-இல் வாங்கிய ஐந்தும், 2024-இல் வாங்கிய ஐந்தும் ஒன்றல்ல. பழைய பெஞ்ச்மார்க் வெர்ஷனில் வாங்கிய ஸ்கோரையும் புதிய வெர்ஷனில் வாங்கிய ஸ்கோரையும் ஒப்பிடக்கூடாது என்பது கம்ப்யூட்டர் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தட்டிப் பார்த்தால் தெரியுமா?

கதவைத் தட்டிப் பார்ப்பது, பானட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது நம் ஊரில் பழைய பழக்கம். கத்தரிக்காய் வாங்க அது சரி. காருக்குச் சரிவராது. நாம் அழுத்திப் பார்ப்பது வெளியே இருக்கும் தோல். மோதலில் உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் எலும்புக்கூடு. காரின் முன்பகுதி நசுங்கித்தான் ஆக வேண்டும். அது நசுங்கி மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டால்தான், நாம் உட்கார்ந்திருக்கும் கூண்டு நசுங்காமல் இருக்கும். "முன்பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது, மட்டமான கார்" என்று போட்டோவைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது தவறு. கூண்டு என்ன ஆனது, உள்ளே இருந்தவர் என்ன ஆனார் என்றுதான் பார்க்க வேண்டும்.

அதோடு, இன்றைய பாதுகாப்பில் பாதி வேலையைக் கம்ப்யூட்டர்தான் செய்கிறது. சென்சார் மோதலை உணர்ந்து, கன்ட்ரோல் யூனிட் முடிவெடுத்து, ஏர்பேக் உப்பி நிற்பதெல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஏ.பி.எஸ். கம்ப்யூட்டர் சக்கரங்களின் வேகத்தை இடைவிடாமல் கவனித்து, ஏதாவது ஒரு சக்கரம் லாக் ஆகப்போகிறது என்றால் பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுக் கொடுக்கும். அதனால் வண்டி வழுக்காமல், ஸ்டீயரிங் நம் பேச்சைக் கேட்கும். மாமாவின் காரில் இந்த இரண்டு கம்ப்யூட்டர்களும் இல்லை. நான் வாங்கச் சொன்ன கம்ப்யூட்டர் பாட்டுப் போட்டது.

2019-க்குப் பிறகு இந்த நிலை மாறியது. அந்த ஆண்டு ஏப்ரலில் எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ்., ஜூலையில் டிரைவர் ஏர்பேக் கட்டாயமாயின. பின்னர் முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கும் ஏர்பேக் கட்டாயமானது. நம் வாதங்களால் இது நடக்கவில்லை, சட்டம் வந்ததால் நடந்தது. ஆனால் பழைய கார்கள் இன்னும் ரோட்டில் ஓடுகின்றன, கைமாறுகின்றன. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மைலேஜும் ஒரு பெஞ்ச்மார்க்தான்

அடுத்த சண்டை மைலேஜ். "கம்பெனி சொன்ன மைலேஜ் வரவில்லை, ஏமாற்றுகிறார்கள்" என்பவரும், "எனக்கு வருகிறதே, உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை" என்பவரும் மோதிக்கொள்வார்கள். விளம்பரத்தில் வரும் எண் ஒரு பரிசோதனைக் கூடத்து எண். காரை உருளைகளின் மேல் நிறுத்தி, ஏற்கெனவே எழுதிவைத்த கால அட்டவணைப்படி ஓட்டுவார்கள். ஏறக்குறைய இருபது நிமிடம், அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். நீண்ட காலமாக இதை ஏ.சி. போடாமலேயே செய்து வந்தார்கள். மே மாதத்து வேலூர் வெயிலும், மாலை நேரத்து கிண்டி டிராபிக்கும் அந்த உருளைக்குத் தெரியாது.

அப்படியென்றால் அந்த எண் பொய்யா? இல்லை. எல்லாக் கார்களுக்கும் ஒரே பரீட்சை வைப்பதால், இரண்டு கார்களை ஒப்பிட அது உதவும். உங்களுக்கு எவ்வளவு வரும் என்று சொல்ல அது உதவாது. உண்மை தெரிய வேண்டுமானால் டேங்கை முழுவதும் நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி முழுவதும் நிரப்பி வகுத்துப் பாருங்கள். டாஷ்போர்டு டிஸ்ப்ளே காட்டும் எண்ணை மட்டும் நம்பி வாதத்தில் இறங்காதீர்கள்.

சாப்ட்வேர் சொன்ன பொய்

பரீட்சையையே ஏமாற்றிய கதையும் உண்டு. சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் என்னை வெட்கப்பட வைத்த கதை இது.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு, டீசல் கார்களைப் பரிசோதனைக் கூடத்தில் மட்டும் சோதிக்காமல், கையடக்கக் கருவிகளைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தது. போக்ஸ்வாகன் கார்கள் கூடத்தில் பாஸ், ரோட்டில் அளவுக்குப் பல மடங்கு அதிகமான நைட்ரஜன் ஆக்சைடு புகை. கடைசியில் 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு உண்மையை வெளியிட்டது. ஸ்டீயரிங் அசைவு போன்ற அடையாளங்களை வைத்து, இது பரீட்சை என்று காரின் சாப்ட்வேரே கண்டுபிடித்துக்கொண்டு, அந்த நேரம் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது! உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்த சாப்ட்வேர் இருந்தது. இந்தியாவிலும் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பொய்யை உடைத்தது போட்டிக் கம்பெனியின் ரசிகர் இல்லை. "ஜெர்மன் என்றால் ஜெர்மன்தான்" என்ற நம்பிக்கையும் அதைக் காப்பாற்றவில்லை. பெயரைப் பார்க்காமல் அளந்து பார்த்தவர்கள் உடைத்தார்கள். இந்தியாவிலும் 2023 ஏப்ரலில் இருந்து, ரோட்டில் ஓட்டிப் புகையை அளக்கும் சோதனை விதிகளில் சேர்ந்துவிட்டது.

கம்பெனிக்கு மதிப்பே இல்லையா?

"அப்படியென்றால் கம்பெனியே பார்க்க வேண்டாம் என்கிறீர்களா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கம்பெனி முக்கியம்தான், ஆனால் அதற்குரிய இடத்தில். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் உண்டா, ஸ்பேர் பார்ட்ஸ் எத்தனை நாளில் கிடைக்கும், விற்கும்போது என்ன விலை போகும் என்பதெல்லாம் கம்பெனியைப் பொறுத்த விஷயங்கள். சிறிய ஊரில் இருப்பவர் ஒவ்வொரு சர்வீசுக்கும் நூறு கிலோமீட்டர் போக முடியாது. அதை வைத்து ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் அது புத்திசாலித்தனம். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கம்பெனிக்குள் எந்த மாடல், எந்த வேரியன்ட், எந்த ஆண்டு என்று கேட்காமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

எனவே அடுத்த முறை கார் வாதம் வந்தால் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேளுங்கள்.

1. மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம்? எந்த ஆண்டு விதியில்? குழந்தைகளுக்கு எத்தனை? 2023 அக்டோபரில் இருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. இது கட்டாயம் இல்லை, கம்பெனிகள் விரும்பினால் காரை அனுப்பலாம். முடிவுகள் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த வேரியன்ட்டுக்கு அந்த மதிப்பெண் பொருந்தும் என்றும் பாருங்கள்.

2. நீங்கள் வாங்கப்போகும் அதே வேரியன்ட்டில் எத்தனை ஏர்பேக்? இ.எஸ்.சி. உண்டா? பின்சீட்டில் மூன்று பேருக்கும் தோளோடு வரும் பெல்ட் உண்டா?

3. காரில் இன்டர்நெட் இணைப்பு இருந்தால், சாப்ட்வேர் அப்டேட் எத்தனை ஆண்டுக்குத் தருவார்கள்? 2015-இல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பை இன்டர்நெட் வழியாகவே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அதன் பிறகு 14 லட்சம் வண்டிகளுக்கு சாப்ட்வேரை மாற்ற வேண்டி வந்தது.

4. பழைய கார் என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓ.பி.டி. போர்ட்டில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகிப் பாருங்கள். இ.சி.யு.வில் பதிவாகியிருக்கும் பழுதுகளை உங்கள் போனிலேயே படிக்கலாம். பி0300 என்று வந்தால் இன்ஜினில் மிஸ்பயர் என்று அர்த்தம். பழுதுகளை அழித்துவிட்டுக் காரைக் காட்டுபவர்களும் உண்டு. சுயபரிசோதனைகள் முடியவில்லை என்று காட்டினால் சமீபத்தில் அழித்திருக்கலாம், எச்சரிக்கை. வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள்.

மாமா இப்போது நலமாக இருக்கிறார். மூக்கு மட்டும் லேசாகக் கோணல். இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொன்னதில்லை. சென்ற வருடம் இரண்டாவது கார் வாங்கும்போதும் என்னைத்தான் கூப்பிட்டார். இந்த முறை பெரியப்பா மகன் சொன்ன கம்பெனியையே எடுத்தோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. சேல்ஸ்மேன் பெரிய ஸ்கிரீனைக் காட்ட ஆரம்பித்தபோது, "அது அப்புறம். முதலில் ஏர்பேக் கணக்கைச் சொல்லுங்கள்" என்றேன். மாமா செயற்கைப் பல் தெரியச் சிரித்தார்.

நாளை மாலை நான்கு மணிக்கு டீ வரும். சண்டையும் வரும். நானும் போவேன். ஆனால் இப்போதெல்லாம் யாராவது ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தால், நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எந்த வேரியன்ட்?"